மூச்சு நீங்கலாக

முப்பிடாதியை ஊத்துமேட்டுக்கு விடலாமா கூடாதா என்று செம்பொட்டல்காரர்கள் இருபத்திரண்டு நாள் பேசினார்கள். சலூனில் பாதி சவரம் முடிந்தவன் மீதி முகத்து நுரையோடு எழுந்து நின்று பேசினான், டீக்கடையில் ஆறிப்போன டீயைத் திரும்பத் திரும்பச் சூடுபண்ணச் சொல்லிப் பேசினார்கள், குளத்தில் மாடு குளிப்பாட்டப் போனவர்கள் மாட்டைத் தண்ணீரிலேயே மறந்துவிட்டுக் கரையில் நின்று பேசினார்கள், ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளச் சத்தத்தையும் மீறி "அவன் போனா ரெண்டாவது பாதியில யாரு பாடுவா?" என்று ஒரு குரல் கேட்டது, அது மாப்பிள்ளையின் குரல்தான் என்று பெண் வீட்டார் இன்றைக்கும் மனத்தாங்கலோடு சொல்கிறார்கள்.

எதிரியின் களத்துக்குள் மூச்சு விடாமல் 'கபடி கபடி' என்று சொல்லிக்கொண்டு போவதை அந்தப் பக்கத்தில் பாடுவது என்பார்கள். பாட்டு அறுந்தால் ஆள் செத்தான். பிடிபட்டாலும், எல்லைக்கோட்டைத் தாண்டினாலும் செத்தான்தான், வெளியே போய்க் குத்தவைக்க வேண்டும், அவன் பக்கத்துக்கு ஒரு புள்ளி கிடைத்தால் அவனுக்கு உயிர் வரும், எழுந்து உள்ளே வரலாம். செம்பொட்டல் உதயநிலா கபடிக் குழுவுக்கு முப்பிடாதி ஒன்பது வருஷம் பாடினான், ஒருநாள்கூட அவன் பாட்டு தானாக அறுந்ததில்லை. அப்பேர்ப்பட்டவனைத்தான் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த பரம எதிரி ஊத்துமேட்டு கருடன் குழு கேட்டது, அதுவும் நூற்பு மில்லில் நிரந்தர வேலையோடு கேட்டது, அவன் மனைவி சண்முகக்கனிக்கு அது பிறந்த ஊர், அவளுக்கு அப்போது ஆறு மாசம். மாவட்டச் சங்கத்தின் விதிப்படி பழைய குழு விடுவித்து எழுதிக்கொடுத்தால்தான் ஒருவன் புதுக் குழுவுக்கு ஆட முடியும்.

"வேற எந்த ஊருன்னாலும் நானே பெட்டிய தூக்கிட்டுப் போய் விட்டுட்டு வருவேன். ஊத்துமேட்டுக்கா? என் பொணத்த தாண்டிப் போகட்டும்" என்றார் தளவாய். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், குழு ஆடிய எந்த ஆட்டத்தையும் விட்டதில்லை, விசிலை மட்டும் அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுக்காமல் கழுத்திலேயே போட்டுக்கொண்டு திரிந்தார்.

"பொண்டாட்டி புள்ளத்தாச்சி, தளவாய் அண்ணாச்சி. நாம என்ன வேலை போட்டுக் கொடுத்தோம் அவனுக்கு? கைதட்டத்தான தட்டுனோம்" என்றான் சலூன்காரன்.

"கைதட்டு சாதாரணமா போச்சோ ஒனக்கு?"

இருபத்திரண்டாம் நாள் எல்லோருக்கும் தொண்டை கட்டியது. பேச முடியாமல் போனதால் விடலாம் என்று முடிவாயிற்று. அழுதுகொண்டே தளவாயும் சரி என்றார்.

எழுதுகிற வேலை செயலாளர் பால்வண்ணனுக்கு வந்தது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர் அவர். சங்கம் கேட்டது நாலு வரிக் கடிதம்தான். ஆனால் பால்வண்ணனுக்குத் தெரிந்த விடுதலை ஒன்றே ஒன்று, அண்ணன் தம்பிகள் பொதுச் சொத்தில் தங்கள் பாத்தியத்தை ஒருவனுக்கு விட்டுக்கொடுத்து எழுதுவார்களே, அந்த விடுதலைப் பத்திரம். மனுஷர் முத்திரைத்தாளே வாங்கிவந்துவிட்டார். சொத்து விவரத்தில் நான்கெல்லை காட்டி, தலையை வடக்கே வைத்து எழுதப்போக, "வடக்க தலை வச்சா ஆகாதுல்லா வேய்" என்று நாலு பேர் பதற, அடித்துத் திருத்தி, உச்சிமயிருக்கு மேற்கு, உள்ளங்காலுக்குக் கிழக்கு, வலது கை விரலுக்குத் தெற்கு, இடது கை விரலுக்கு வடக்கு, இதற்குட்பட்ட முப்பிடாதி ஆள் ஒன்று, மேற்படி ஆளின் கை, கால், தோள், தொடை, கண், காது, பல், நகம் உட்பட, என்று எழுதி வாசித்துக் காட்டியபோது ஊரே பெருமைப்பட்டது. குழு உறுப்பினர் பதினாலு பேரும், தளவாயும் பால்வண்ணனும் உட்பட, கையெழுத்துப் போட்டார்கள். முப்பிடாதி எல்லோர் காலிலும் விழுந்து கும்பிட்டுவிட்டு, சண்முகக்கனியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான்.

மறுநாள் சாயங்காலம் பயிற்சி நேரத்தில், ஆடுகளத்தில் ஆள் யாரும் இல்லாதபோது, செம்பொட்டல் பக்கத்து மண்ணிலிருந்து பாட்டு கிளம்பியது.

முதலில் மெல்ல, அவன் வழக்கமாக எச்சில் விழுங்கித் தொடங்குகிற மாதிரியே தொடங்கி, பிறகு நடுக்கோட்டைத் தொட்டு, கோட்டைத் தாண்டி, இடது மூலைக்கு ஒரு எட்டு, வலது மூலைக்கு ஒரு எட்டு, போன இடமெல்லாம் ஒரு பிடி புழுதி எழும்ப, கபடி கபடி கபடி என்று அறுபடாமல் போய் அறுபடாமல் திரும்பி வந்து, பின்கோட்டில் நின்று இளைப்பாறி, மறுபடி கிளம்பியது. டீக்கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "முப்பி பாட்டுல்லா" என்றான் ஒருவன். "ஆமா" என்றான் இன்னொருவன். வடைக்குச் சட்னி கேட்டவனுக்குச் சட்னி வந்தது. தளவாய் மட்டும் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து கோட்டோரம் போட்டு உட்கார்ந்து, பாட்டு ஒவ்வொரு தடவை திரும்பி வந்தபோதும் விசில் ஊதினார்.

ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் காரணம் தெரியும். பால்வண்ணன் நேரே வீட்டுக்குப் போனார். நகம் வரைக்கும் எழுதிய அந்தப் பத்திரத்தில் மூச்சு என்ற வார்த்தை இல்லை. அது போகட்டும், எந்தப் பத்திரத்திலும் கடைசியாக ஒரு வரி எழுதுவார், இதில் கண்டதும் காணாததும் சகலமும் சேர்ந்தது என்று, கோழிக்கூண்டு விற்றாலும் அந்த வரியை எழுதாமல் விட்டதில்லை. அந்த வரியும் இல்லை. வயதாகிறது, மறந்துபோயிருக்கும் என்று மனைவியிடம் சொன்னார். என்ன மறந்தது என்று அவள் கேட்டபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஊர் அதைப் பழகிக்கொண்ட விதத்தைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும், ஆனால் ஊர் எதைத்தான் பழகிக்கொள்ளாமல் விட்டது? பாட்டு தொடங்கியதும் அடுப்பில் உலை வைத்தார்கள், நின்றதும் இறக்கினார்கள், சோறு குழையவில்லை. களத்தில் வத்தல் காயப்போடுகிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கிப் போட்டார்கள். பால்குடி மாறாத பிள்ளைகள் அந்தச் சத்தம் கேட்டால்தான் தூங்கின. புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்குக் குழாயடியையும் ரேஷன் கடையையும் காட்டுகிறபோதே இதையும் காட்டிவிட்டார்கள். ஒருநாள் பாட்டு கரகரத்தது, முப்பிக்குச் சளி போல என்று சிரித்தார்கள், இரண்டு நாள் கழித்து அவன் அங்கே காய்ச்சலில் கிடக்கிறான் என்று சேதி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஐப்பசியில் ஒரு சாயங்காலம் பாட்டு நடுக்கோட்டிலேயே நின்று, நெடுநேரம் விம்முகிற மாதிரி ஏறி இறங்கி, பிறகு தொடர்ந்தது. அன்றைக்குத்தான் அவனுக்குப் பெண்குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகு சில பெண்கள் அந்த நேரத்தில் களத்தைக் கடந்து போகாமல் சுற்றிப் போனார்கள், ஏன் என்று கேட்டால், யாரோ பிடரியில் மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள்.

இத்தோடு நின்றிருந்தால் பேயோ தெய்வமோ என்று ஒரு கல்லை நட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் தை மாசம் உள்ளூரில் நடந்த ஒரு போட்டியில், குழுவின் புதுத் தலைவன் திரவியம் பாடிப் போனபோது, அந்தப் பாட்டும் அவனுக்கு அரை அடி முன்னால் கிளம்பிப் போயிற்று. திரவியம் கெட்டிக்காரன், வாயை மட்டும் அசைத்தான். அறுபடாத பாட்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று ஆடலாம். எதிர் அணிக்காரர்கள் நடுவரிடம் முறையிட, நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, பாட்டு கேட்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, யார் தொண்டையிலிருந்து என்று இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த வருஷம் சொந்தக் களத்தில் செம்பொட்டல் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை.

பங்குனியில் சண்முகக்கனி பால்வண்ணனின் மேசைக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் இரண்டு பத்திரங்கள்.

"இது எங்க அப்பா வயலு வாங்குன பத்திரம், அண்ணாச்சி. நீங்க எழுதுனது. இது அவுகள விட்ட பத்திரம். இதுவும் நீங்க எழுதுனது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சேன். இதுல கடைசியில ஒரு வரி இருக்கு, அதுல இல்ல."

பால்வண்ணன் கண்ணாடியைத் துடைத்தார். "எப்படி இருக்கான்?"

"பாட முடியல. சும்மா பிடிக்குறதுக்கு நிப்பாட்டியிருக்காக. ஒரு வார்த்தை பேசினா நின்னு அடுத்த வார்த்தை. மாடி ஏற முடியல. பிள்ளைக்குக் கஞ்சி சூடா இருந்துச்சுன்னா ஊதி ஆத்துவாங்கல்லா, அதுக்கு மூச்சு இல்ல அவுககிட்ட. தட்டத்தக் கையில வச்சுக்கிட்டு ஆறுத வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பாக." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "உடம்பு கரைஞ்சுக்கிட்டே வருது. இன்னொரு வருசம் தாங்காது. நான் வந்தது அவுகளுக்குத் தெரியாது. போய்க் கேளுங்கன்னா கேக்க மாட்டேங்காக."

அன்றைக்கே பால்வண்ணன் பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்று எழுதினார். மேற்படி விடுதலையில் மூச்சும் சேர்ந்தது என்று. விட்டுக்கொடுத்தவர்கள் பதினாலு பேரும் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். தன் கையெழுத்தை முதலில் போட்டுவிட்டு வீடு வீடாகப் போனார். எல்லோரும் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, முப்பிக்காக வருத்தப்பட்டு, சித்திரையில் கோப்பை இறுதி ஆட்டம் முடியட்டும், அப்புறம் போடுவோம் என்றார்கள். இறுதி ஆட்டம் நம்முடைய களத்தில், அதுவும் ஊத்துமேட்டோடு, இந்த நேரத்தில் போய்... என்று இழுத்தார்கள். தளவாய் மட்டும் இழுக்கவில்லை.

"ஊத்துமேட்டான் கேட்டது உடம்ப. கொடுத்தாச்சு. பாட்டு இந்த மண்ணுல வெளைஞ்சது. ஏழு வயசுல குளத்துக்குள்ள முங்கிக்கிட்டு வெளிய வராமக் கெடந்தவன, செத்துட்டான்னு நெனச்சு நான்தான் முடியப் பிடிச்சு இழுத்தேன். என்னப் பாத்துச் சிரிக்கான் பய. அன்னைக்கே எனக்குத் தெரியும். போடமாட்டேன், பால்வண்ணா."

"அவன் செத்துப் போவான், அண்ணாச்சி."

"நீயாலே எனக்குச் சொல்லுத? மூச்ச எழுதாம விட்டது நீதான" என்றார் தளவாய். பால்வண்ணனுக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

சித்திரை வந்தது. இறுதி ஆட்டத்துக்கு இரண்டு ஊரும் வண்டி கட்டிக்கொண்டு வந்த மாதிரி வந்து குவிந்தது. நடுவர் ஜெபமாலை வெளியூர் உடற்பயிற்சி ஆசிரியர், விதிப் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்திருப்பவர். முப்பிடாதி ஊத்துமேட்டுப் பக்கத்து மூலையில் நின்றான். செம்பொட்டல் அவனைப் பார்த்து எட்டு மாசத்துக்கு மேல் ஆயிற்று. பனியன் தோளில் நிற்காமல் சரிந்தது. யாரோ "முப்பி" என்று கூப்பிட்டார்கள். கையை மட்டும் தூக்கினான்.

ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கையில் செம்பொட்டலுக்கு இரண்டு புள்ளி அதிகம். திரவியம் கிளம்பினான். அவனுக்கு அரை அடி முன்னால் பாட்டு கிளம்பியது. ஊத்துமேட்டு ஆட்கள் பின்வாங்கினார்கள், முப்பிடாதி மட்டும் பின்வாங்காமல் நின்று, தன் குரல் தன்னை நோக்கி வருவதை, கல்யாணமாகிப் போன தங்கச்சி வாசலில் வந்து நிற்பதைப் பார்க்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரவியத்தை விட்டுவிட்டு, அவனுக்கு அரை அடி முன்னால் வந்த வெறும் காற்றை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான்.

பாட்டு அவன் கைக்குள் மாட்டிக்கொண்டது. கபடி கபடி கபடி என்று அவன் நெஞ்சுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றிச் சுற்றித் துடித்தது, புழுதி அவன் காலைச் சுற்றி எழுந்தது. "விடாத! விடாத!" என்று ஊத்துமேடு கத்தியது. அப்போதுதான் செம்பொட்டல் முழுவதும், சலூன்காரனும் டீக்கடைக்காரனும் இடுப்பில் பிள்ளையோடு நின்ற பெண்களும், இருபத்திரண்டு நாள் விடமாட்டோம் விடமாட்டோம் என்று பேசிய அத்தனை வாயும், "விடு! விடுலே! விடு!" என்று அலறியது. அவன் விடவில்லை. பாட்டு மெலிந்தது, இழுத்தது, ஒரு 'கபடி'யின் பாதியில் நின்றது. அவனும் கட்டிய கையை அவிழ்க்காமலே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தான்.

கூட்டத்திலிருந்து ஒரு கம்பவுண்டர் ஓடிவந்து கையைப் பிடித்துப் பார்த்தார், மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார். "நாடி இருக்கு. மூச்சு இல்ல" என்றார். சண்முகக்கனி குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள், அழவில்லை, பால்வண்ணனைப் பார்த்தாள்.

ஜெபமாலை கடிகாரத்தை நிறுத்தினார். "செத்தது பாட்டு, பிடிச்சதுக்கு ஊத்துமேட்டுக்கு ஒரு புள்ளி. அது செம்பொட்டல் சொத்து. செம்பொட்டல் ஒரு புள்ளி எடுத்தா அதுக்கு உயிர் உண்டு. ஆனா அது உங்ககிட்டதான் வரும், இவருக்கு வராது."

"இவனுக்கு வரணும்னா?" என்று கேட்டார் பால்வண்ணன்.

"சொத்து கை மாறணும். அப்புறம் ஊத்துமேட்டுக்கு இன்னொரு புள்ளி கிடைக்கணும்."

பால்வண்ணன் பையிலிருந்த பத்திரத்தை எடுத்தார். மோர் கொடுத்தவர்கள் எல்லோரும் வந்தார்கள், ஒருவர் முதுகில் ஒருவர் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள், பேனா போதாமல் ஸ்கோர் எழுதுகிறவனின் பேனாவையும் பிடுங்கினார்கள். பன்னிரண்டு பேர் போட்டாயிற்று, பால்வண்ணனோடு பதிமூன்று. தளவாய் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பால்வண்ணன் அவர் முன்னால் போய்க் குனிந்து முதுகைக் காட்டி நின்றார். முதுகில் வைத்த தாள் வெகுநேரம் சும்மா இருந்தது. பிறகு அதன்மேல் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுவதும், அதன் பின்னால் ஒரு பேனா அழுத்தமாக ஊர்வதும் சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

"திரவியம்! வெளிய போலே!" என்று தளவாய் கத்தினார்.

நடுவர் விசில் ஊதிக் கடிகாரத்தை ஓடவிட்டார். திரவியம் தானாக நடந்துபோய் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காலை வைத்தான். ஊத்துமேட்டுக்குப் புள்ளி. ஸ்கோர் சமம். சண்முகக்கனியின் மடியில் கிடந்தவனின் விலா ஒருதரம் விரிந்து, நின்று, மறுபடி விரிந்தது, பிறந்த பிள்ளை அழுவதைப் போல ஒரு சத்தத்தோடு முப்பிடாதி மூச்சை உள்ளே இழுத்தான். இரண்டு ஊரும் சேர்ந்து கத்திய சத்தத்தில் குளத்துக் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தவனிடம் பால்வண்ணன் போனார். இனிமேலும் அதை மனசுக்குள் வைத்துக்கொள்ள அவரால் முடியாது. "முப்பி, மறந்து விடலப்பா. தெரிஞ்சேதான் எழுதாம விட்டேன். போறியேன்னு மனசு கேக்கல. என்ன ஏதாவது சொல்லித் திட்டு."

எட்டு மாசத்தில் அவன் பேசிய முதல் நீளமான பேச்சு இது. நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொன்னான்: "தெரியும் அண்ணாச்சி, நீங்க எழுதும்போது ஒங்க தோளுக்குப் பின்னாலதான் நின்னேன், நகம்னு எழுதிட்டு பேனா நின்னுச்சு, எழுதுங்கன்னு நான் சொல்லியிருக்கணும், சொல்லல, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போக எனக்கும் மனசு வரல, கொஞ்சம் இங்க கெடக்கட்டும்னு நானும்தான் விட்டேன்."

பால்வண்ணன் அவன் கையைப் பிடிக்கப் போனார், அதற்குள் நடுவர் விசில் ஊதிவிட்டார். இன்னும் அரை நிமிஷம் இருந்தது. பாடிப் போகவேண்டியது ஊத்துமேட்டு முறை.

முப்பிடாதி எச்சிலை விழுங்கினான், நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டான், செம்பொட்டல் களத்துக்குள் பாடிக்கொண்டு வந்தான். ஒன்பது வருஷம் கேட்ட பாட்டு முதல்முறையாக எதிர்ப்பக்கத்திலிருந்து அந்த ஊரின் முகத்துக்கு நேராக வந்தது.  தளவாய் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கண்ணும் மூக்கும் ஒழுக, விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு கோட்டுக்கே வந்துவிட்டார்.

"பாத்துக்கிட்டு நிக்கிய?" என்று தன் பக்கத்து ஆட்களைப் பார்த்துக் கத்தினார். "பிடிங்கலே அவன!"